விமான நிறுவனம் தள்ளாடினால் முதலில் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டுமா?

மீனம்பாக்கம்வாசி எழுதியது:

என் தங்கை ஒரு உள்நாட்டு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவாகச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சேரும்போது சொன்ன தொகையும் கைக்கு வருகிற தொகையும் எந்த மாதமும் ஒத்துப்போனதில்லை, ஏனென்றால் நிலையான சம்பளம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் பறக்கும் மணிக்கணக்கில். ராத்திரி இரண்டரைக்கு கேப் வாசலில் வந்து நிற்கும். ஏர்போர்ட் போய் பிரீஃபிங், பயணிகளை ஏற்றுவது, பெட்டிகளை மேலே அடுக்கிக் கொடுப்பது, டெல்லியில் பனிமூட்டம் என்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பயணிகளின் கோபத்தை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பது, இதில் எதுவும் அந்தக் கணக்கில் வராது. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர்ந்தால்தான் மணி ஓட ஆரம்பிக்கும்.

இதை வைத்து வீட்டில் பெரிய வாக்குவாதம். பெரியப்பா பொதுத்துறை வங்கியில் இருந்து ரிட்டயர் ஆனவர். கிங்ஃபிஷர் போச்சு, ஜெட் போச்சு, கோ ஃபர்ஸ்ட் போச்சு, இந்தத் தொழிலில் லாபமே கிடையாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு இருக்கச் சொல் என்கிறார். தங்கை ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்விட்டாள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஊழியருக்குச் சரியான சம்பளமும் ஓய்வும் கொடுத்தால் நிஜமாகவே நிறுவனம் தாங்காதா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

குருகிராம் கணக்கர் எழுதியது:

விமான லீஸ் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி தினமும் கண்ணில் படுவது.

உங்கள் பெரியப்பா சொல்வதில் பாதி சரி. லாபம் மெல்லியதுதான். விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா 2025க்குப் போட்ட மதிப்பீட்டில் உலக அளவில் ஒரு பயணிக்கு நிகர லாபம் 7 டாலர் சொச்சம், அவ்வளவே. ஆனால் அவர் பெயர் சொன்ன மூன்று நிறுவனமும் சம்பளத்தால் மூழ்கியவை கிடையாது. கிங்ஃபிஷர் ஏர் டெக்கான் என்ற குறைந்த கட்டண நிறுவனத்தை வாங்கிய சூட்டோடு 2008இல் எண்ணெய் விலை ஏறியது, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே முடியாமல் 2012இல் நின்றது. ஜெட் 2007இல் ஏர் சஹாரா நிறுவனத்தை வாங்கியது, அப்புறம் குறைந்த கட்டண நிறுவனங்களோடு விலையில் மல்லுக்கட்டியது, 2018இல் எண்ணெயும் டாலரும் சேர்ந்து ஏறியபோது மூச்சு முட்டி 2019 ஏப்ரல் 17ஆம் தேதி கடைசி விமானத்தை இறக்கியது. கோ ஃபர்ஸ்டில் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் தகராறு, பாதி விமானங்கள் தரையில் நின்றன, 2023 மே மாதம் கடையைச் சாத்தினார்கள். இதில் எங்கே ஏர்ஹோஸ்டஸ் சம்பளம் வருகிறது?

செலவைப் பிரித்துப் பார்த்தால் எரிபொருள்தான் மலை, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போல. அதன் மேல் மாநில வாட் வேறு. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, பல மாநிலங்கள் வாட்டை ஐந்து சதவீதத்துக்குள் இறக்கிய பிறகும் நம் தமிழ்நாட்டில் நீண்ட காலமாக 29 சதவீதம். அப்புறம் லீஸ் வாடகை, எஞ்சின் பராமரிப்பு, விமான நிலையக் கட்டணம். லீஸும் பராமரிப்பும் டாலரில். வருமானம் ரூபாயில். இண்டிகோவை எடுத்துக்கொள்ளுங்கள், 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை 2,582 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. ரூபாய் மதிப்பு சரிந்ததால் வந்த இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதே மூன்று மாதத்தில் 104 கோடி லாபம். ஊழியர் செலவு அங்கெல்லாம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது.

பின்னே ஏன் சம்பளத்தில் கை வைக்கிறார்கள் என்றால், வேறு எதிலும் கை வைக்க முடியாது. எண்ணெய் நிறுவனம் பாக்கி ஏறினால் சப்ளையை நிறுத்திவிடும். லீஸ் கட்டாவிட்டால் விமானத்தையே எடுத்துக்கொண்டு போவார்கள். கோ ஃபர்ஸ்ட் திவால் வழக்கில் விமானங்கள் சிக்கிக்கொண்டதும் லீஸ் நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் 2024 ஏப்ரலில் 54 விமானங்களை விடுவித்துக்கொண்டன, அடுத்த வருஷமே அவர்களைப் பாதுகாக்க நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமும் வந்துவிட்டது. அதே கோ ஃபர்ஸ்டில் சம்பள பாக்கியோடு நின்றவர்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. ஊழியர் மட்டும்தான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் காத்திருப்பார்.

ஹேங்கர் அண்ணாச்சி எழுதியது:

மேலே நண்பர் சொன்ன கடைசி வரியை நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். லைன் மெயின்டனன்ஸில் இஞ்சினியர், இப்போது ஓய்வு. நான் நீண்ட காலம் வேலை பார்த்த நிறுவனம் இன்று இல்லை. பெயர் சொல்ல விருப்பமில்லை, அதில் நல்லவர்களும் இருந்தார்கள்.

ஒரே நாளில் நிற்காது தம்பி. முதல் தேதி வர வேண்டிய சம்பளம் ஏழாம் தேதி வரும், அப்புறம் இருபதாம் தேதி, அப்புறம் பாதி பாதியாக. லோடர்களுக்கும் கீழ்மட்டத்துக்கும் முதலில் போட்டுவிடுவார்கள், பைலட்டும் இஞ்சினியரும் கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள், அதுவும் நியாயமாகத்தான் அப்போது பட்டது. ஸ்டோர்ஸில் ஒரு சாமான் கேட்டால் பக்கத்தில் நிற்கிற விமானத்தில் இருந்து கழற்றிப் போடச் சொல்வார்கள். சம்பளம் தாமதமாவதைவிட அதுதான் எனக்குப் பெரிய அபாய மணியாக இருந்திருக்க வேண்டும் என்று இளைஞர்களிடம் இப்போதும் சொல்வேன். ஆனால் மனுஷன் கிளம்ப மாட்டான். ஏனென்றால் பாக்கி உள்ளே நிற்கிறது, போனால் அதுவும் போய்விடுமோ என்ற பயம், வெளியே இருக்கிற மற்ற கம்பெனிக்காரன் நம் நிலைமை தெரிந்து பாதிச் சம்பளத்துக்குக் கூப்பிடுவான். என்னோடு இருந்த ஒரு டெக்னீஷியன் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு அன்று ராத்திரி ஷிஃப்டுக்கு வந்து எஞ்சின் ஆயில் பார்த்தார். கை நடுங்கவில்லை, ஆனால் எஞ்சினை மூடுகிற ஒரே கவ்லிங் கதவை மூன்று தடவை திறந்து மூடினார். அந்த விமானத்தில் 180 பேர் ஏறிப் போனார்கள். சம்பளம் என்பது வெறும் கணக்குப் புத்தக விஷயம் என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

பிஎஃப் பற்றி எல்லோரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். திவால் சட்டப்படி நிறுவனம் கலைக்கப்படும்போது பிஎஃப், கிராஜுவிட்டி நிதிப் பணம் அந்தச் சொத்துக் கணக்கிலேயே சேராது, அது ஊழியருடையது. ஜெட் விஷயத்தில் இதற்காக ஊழியர்கள் வழக்காடி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 2022இல் ஜெயித்தார்கள், உச்ச நீதிமன்றமும் 2023 தொடக்கத்தில் அதை ஆமோதித்தது. தீர்ப்பு கையில் இருந்தும் வாங்கப்போவதாக வந்தவர்கள் பணம் போட்டு முடிக்கவில்லை, கடைசியில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஜெட்டைக் கலைக்கச் சொல்லிவிட்டது. ஐந்தரை வருஷம். அதற்குள் எத்தனை பேர் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் போனார்கள்.

அடையாறு அன்பு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் நான் சொல்கிறேன். பழைய ஏர் இந்தியாவை மறந்துவிடாதீர்கள். அங்கே வேலைக்குப் பாதுகாப்பு இருந்தது, தொழிற்சங்கம் பலமாக இருந்தது, 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்த பிறகு லாபம் என்பதையே பார்க்கவில்லை. டாடாவுக்கு விற்றபோது கடன் 61,000 கோடிக்கு மேல். அதில் டாடா ஏற்றது 15,300 கோடி, மீதி சுமார் 46,000 கோடியை அரசு தனி நிறுவனம் வைத்து ஏற்றுக்கொண்டது, அதாவது நீங்களும் நானும். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத ஒரு விவசாயக் கூலியின் வரியும் அதில் இருக்கிறது. இதையும் நியாயம் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று, மூத்த கேப்டன்கள் மாதம் வாங்குவது பல லட்சம். சென்னை மதுரை டிக்கெட் 3,000 ரூபாய்க்குள் வேண்டும் என்று நாமே வலை போட்டுத் தேடுகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்? கொரோனா காலத்தில் இண்டிகோ பத்து சதவீதம் ஆட்களை எடுத்தது, பைலட் சம்பளத்தைக் குறைத்தது, கல்நெஞ்சு என்று திட்டினார்கள். ஆனால் அந்த நிறுவனம் இன்று உயிரோடு இருக்கிறது, அதை நம்பி இருக்கிற குடும்பங்களும் பிழைத்தன.

இடது சீட் எழுதியது:

அன்பு அண்ணனுக்கு. நான் பைலட். இண்டிகோ 2020இல் குறைத்ததை நானும் தவறு என்று சொல்ல மாட்டேன், விமானமே பறக்காதபோது யார் என்ன செய்ய முடியும். பிரச்சினை அதற்கு அப்புறம். குறைப்பது ஒரு மெயிலில் நடந்துவிடும், திருப்பிக் கொடுப்பது மட்டும் தவணை தவணையாக வரும். 2022 ஜூலை 2ஆம் தேதி சனிக்கிழமை இண்டிகோவில் பாதிக்கு மேல் விமானங்கள் தாமதமானது நினைவிருக்கும், கேபின் க்ரூ பெருங்கூட்டமாக சிக் லீவ் போட்டிருந்தார்கள், அதே நாளில் ஏர் இந்தியாவில் ஆளெடுப்பு. நஷ்டக் காலத்தில் விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கூட்டம் திரும்பியதும் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த வரிசையில் அவ்வளவு பேர் நின்றிருக்க மாட்டார்கள். அடுத்த இரண்டு நிதியாண்டுகளில், அதாவது 2023-24இலும் 2024-25இலும், அதே நிறுவனம் ஆண்டுக்கு ஏழாயிரம் கோடிக்கு மேல் லாபம் பார்த்தது.

விஸ்தாராவைப் பாருங்கள். ஏர் இந்தியாவோடு இணைப்பதற்கு முன்னால் 2024இல் புதிய சம்பள ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதுவரை பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு உத்தரவாதச் சம்பளம், அதை 40 ஆக்கினார்கள். மேலே பறந்தால் கூடுதலாகத் தருவோம் என்றார்கள். வீட்டுக்கடன் கட்டுகிற ஒரு ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு, அதாவது துணை பைலட்டுக்கு, அந்த 30 மணி நேரம்தான் இஎம்ஐ. ஏப்ரலில் ஆள் வராமல் விமானங்கள் ரத்தாகி, நிறுவனமே தினமும் 25, 30 விமானங்களைக் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. மிச்சப்படுத்தியதைவிட எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் யோசியுங்கள். அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் கேபின் க்ரூ கூட்டமாக சிக் லீவ், 25 பேரை வேலையை விட்டு அனுப்பி, டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன்னால் உட்கார்ந்து பேசி, இரண்டே நாளில் அத்தனை பேரையும் திரும்ப எடுத்தார்கள். பேச வேண்டியதை முன்னாலேயே பேசியிருக்கலாம்.

ஓய்வு விஷயம் இன்னும் முக்கியம். 2024 ஜனவரியில் விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ புதிய விதி வெளியிட்டது: வார ஓய்வு 36 மணியில் இருந்து 48 மணி, இரவு என்பது காலை 6 மணி வரை, இரவுப் பணியில் ஆறு வரை என்று இருந்த தரையிறக்கம் இரண்டு. நிறுவனங்கள் முடியாது என்றன, தள்ளிப்போனது, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜூலையில் பெரும்பகுதியும் நவம்பரில் மீதியும் அமலுக்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷ அவகாசம். டிசம்பரில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்களை ரத்து செய்தது, அப்போது வெளியான கணக்குப்படி ஏர்பஸ் ஏ320 ரக விமானங்களுக்குத் தேவை 2,422 கேப்டன்கள், இருந்தது 2,357. அறுபத்தைந்து பேர் குறைவு. அட்டவணையை ஒரு மயிரிழை இடம் விடாமல் இறுக்கிக் கட்டினால் அந்த அறுபத்தைந்து பேரே போதும், மொத்தமும் சரிந்துவிடும். கடைசியில் யாருக்குத் தளர்வு கொடுத்தார்கள்? நிறுவனத்துக்கு. எங்கள் ஓய்வைத்தான் தற்காலிகமாக வெட்டினார்கள்.

அதிகாலை நாலரைக்கு ஒரே டியூட்டியின் மூன்றாவது பயணத்தில் இறங்கும்போது ரன்வே விளக்கு இரட்டையாகத் தெரிந்த அனுபவம் இல்லாத பைலட்டை நான் பார்த்ததில்லை. பல லட்சம் சம்பளம் அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து வைக்காது அண்ணே.

ஸ்கார்பரோ சிவா எழுதியது:

தங்கச்சியின் அந்த நிலத்தில் நிற்கிற நேரம் பற்றி எழுதுகிறேன். இங்கே கனடாவில் 2025 ஆகஸ்ட் 16இல் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது சரியாக இதே காரணத்துக்குத்தான். எங்கட சொந்தக்காரர் எத்தனையோ பேர் கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போட்டுவிட்டுப் டொரண்டோ பியர்சன் ஏர்போர்ட்டில் தவித்தவை. ஆனாலும் சனம் பெரும்பாலும் பணியாளர் பக்கம்தான் நின்றது, ஏனென்றால் பயணி ஏறும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்ற விஷயமே கனபேருக்கு அப்போதுதான் தெரியும். அரசு உடனே வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு போட்டது, அவர்கள் போகவில்லை, 19ஆம் தேதி உடன்பாடு. சின்ன விமானத்துக்கு 60 நிமிஷம், பெரிய விமானத்துக்கு 70 நிமிஷம், மணிச் சம்பளத்தில் பாதி, அது வருஷா வருஷம் ஏறும். அமெரிக்காவில் டெல்டா 2022இலேயே ஏற்றும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிட்டது, லாபத்திலும் பங்கு பிரித்துக் கொடுக்கிறது, 2025 தொடக்கத்தில் மட்டும் 140 கோடி டாலர். டெல்டா ஒன்றும் மூழ்கவில்லை.

ஏர் கனடாக்காரர் சம்பள உயர்வுப் பகுதியை அப்புறம் வாக்கெடுப்பில் 99 சதவீதம் பேர் நிராகரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்து நேரத்துக்குப் பாதி போதாது என்ற குரலும் இருக்கிறது.

ரேம்ப் ராஜா எழுதியது:

பைலட், க்ரூ, இஞ்சினியர் எல்லாரும் பேசிட்டீங்க. கீழே பெல்ட் லோடர் பக்கத்துல நிக்கிறவங்களையும் சேர்த்துக்குங்க. நாங்க விமான நிறுவனத்தோட ஆளே கிடையாது, கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனி, அதுக்குக் கீழ கான்ட்ராக்ட். ஏப்ரல் மே மாசம் சென்னை ஏப்ரன்ல, அதான் விமானம் நிக்கிற தளத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கு குனிஞ்சு சரக்கு அறைக்குள்ள போனா இரும்பே சுடும், உள்ளே நிமிர்ந்து நிக்க முடியாது, முழங்கால் போட்டுத்தான் பெட்டியைத் தள்ளணும். 30 நிமிஷத்துல விமானம் திரும்பணும். அந்த 30 நிமிஷத்துலதான் கம்பெனிக்கு லாபம்னு சொல்றாங்க, அப்போ அந்த லாபத்துல எங்க முதுகும் இருக்குதானே.

2024 ஜூலைல மும்பைல ஏர்போர்ட் கிரவுண்ட் வேலை 2,200 இடத்துக்கு ஆயிரக்கணக்குல பசங்க வந்து நெரிசலாச்சே, சம்பளம் 20, 25 ஆயிரம்தான். வெளியே இவ்வளவு கூட்டம் நிக்கும்போது உள்ளே இருக்கிறவன் எப்படிக் கூட்டிக் கேட்பான்? 2025 மே மாசம் செலெபிங்கிற துருக்கி கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனிக்குப் பாதுகாப்பு அனுமதி ரத்தானப்போ நாடு முழுக்க அந்தக் கம்பெனிப் பசங்க ராத்திரியோட ராத்திரியா வேற கம்பெனி பேருக்கு மாறினாங்க. வேலை போகலைன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. சர்வீஸ் கணக்கு என்ன ஆகும், கிராஜுவிட்டிக்கு வருஷம் தொடருமான்னு பசங்க கேட்டதுதான் எனக்கு மனசுல நிக்குது.

மீனம்பாக்கம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராஜா அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். தங்கை இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? அப்புறம், பெரியப்பா கேட்பது போல, மோசமான வருஷம் வந்தால் யார் விட்டுக்கொடுப்பது?

ஹேங்கர் அண்ணாச்சி எழுதியது:

தங்கை மாதா மாதம் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கட்டும். பிடித்தம் என்று சம்பளச் சீட்டில் இருப்பது அங்கே விழுந்திருக்கிறதா என்று. இரண்டு மாதம் விழவில்லை என்றால் எழுத்தில் கேட்க வேண்டும். வரிப் பிடித்தத்தையும் அதேபோல வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும், மூழ்கப்போகிற நிறுவனம் முதலில் எடுத்துச் செலவழிப்பது இந்த இரண்டையும்தான். ரோஸ்டர், பறந்த மணி, தாமதமான நேரம் எல்லாவற்றையும் தன் நோட்டில் எழுதி வைக்கட்டும், கம்பெனி ஆப்பில் இருப்பது ஒரு நாள் திறக்காது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகவே கருதப்படும் என்று இருக்கிறது. நிலையான சம்பளம் கொஞ்சம், மீதியெல்லாம் படி என்று இருக்கிற பெண் அவள், தன் பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கு எப்படி மாறியது என்று எச்ஆரிடம் மெயிலில் கேட்கட்டும். வாயால் கேட்க வேண்டாம்.

குருகிராம் கணக்கர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான். மோசமான வருஷத்தில் ஊழியரும் விட்டுக்கொடுக்கலாம், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு நடக்கட்டும். எவ்வளவு குறைப்பு, எத்தனை மாதம், எந்த நிலைக்கு லாபம் திரும்பினால் எவ்வளவு திரும்ப வரும், எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், லீஸ் தவணையைத் தள்ளிவைக்கும்போது நாங்கள் வரிக்கு வரி அப்படித்தான் எழுதுகிறோம். குறைப்பு மேலிருந்து தொடங்கட்டும், 40 ஆயிரம் வாங்குகிறவரைத் தொடவே வேண்டாம், அங்கே மிச்சமாவது ஒரு எஞ்சின் வாடகைக்குக் காணாது. அடையாறு அன்பு சொன்ன பழைய ஏர் இந்தியாவை நானும் நியாயப்படுத்த மாட்டேன், ஆனால் அந்தக் கடனுக்குள் திட்டமில்லாமல் வாங்கிக் குவித்த விமானங்களும் அதற்கு வருஷா வருஷம் ஏறிய வட்டியும் பெரிய பங்கு, ஆள்கணக்கை மட்டும் காட்டுவது சரியில்லை.

இன்னொரு யோசனை ரொம்ப நாளாக இருக்கிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டவணையையும் டிஜிசிஏ அங்கீகரிக்கிறது. டிசம்பர் கூத்துக்கு அப்புறம் இண்டிகோவின் அட்டவணையில் பத்து சதவீதத்தை வெட்டவும் செய்தார்கள், ஆக அதிகாரம் இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு தாள் கூடுதலாகக் கேட்டால் போதும்: சம்பளமும் பிஎஃபும் பாக்கி இல்லை என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட ஒன்று, கேட்கிற விமானங்களுக்கு ஓய்வு விதிப்படி பைலட்டும் க்ரூவும் இருக்கிறார்கள் என்று காட்டுகிற இன்னொன்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் புதிய ரூட் கிடையாது. மூன்று மாதச் சம்பள பாக்கியோடு ஒரு நிறுவனம் புதிய ஊருக்கு டிக்கெட் விற்கிற நிலைமை அதோடு நிற்கும். அடையாறு அன்பு, இதில் என்ன சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்கள்?